‘லைப்ரரி அத்தை’யிடம் கேட்பவை: வயசு ஏற ஏற மாறும் வாசிப்பு

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் 30 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் ‘லைப்ரரி அக்கா’ என்றார்கள். பிறகு அத்தையானேன். ஓய்வு பெறுகிற வருஷம் ஒரு பொடியன் ‘லைப்ரரி ஆச்சி’ என்று கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் நின்று பார்த்தேன். இப்போதும் கடைத்தெருவில், கோயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ரசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எந்த வயசுல எந்தப் புத்தகம்னு ஒரு பட்டியல் போட்டுத் தாங்களேன்.

பட்டியல் என்னிடம் கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன். எட்டு வயதுக்கு இது, பத்து வயதுக்கு அது என்று எழுதி ஒட்டினால், பத்து வயதில் எட்டு வயதுப் புத்தகத்தை எடுக்கிற பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அப்படிக் குனிந்த தலைகளை மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து நிறையப் பார்த்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டுவதைத் தாண்டியாயிற்றா என்பதுதான் முதல் கணக்கு. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சாரம் இதுதான்: முதல் இரண்டு மூன்று வகுப்புகள் வரை குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது; அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்வதற்காகப் படிக்கிறது. இந்த இடத்தில் இடறிய பிள்ளைக்கு ரசனை என்ற பேச்சே இன்னும் வரவில்லை. கதை பிடிக்காமல் இல்லை. எழுத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே மூச்சு போய்விடுகிறது. வீட்டில் யாராவது வாசித்துக் காட்டினால் அதே பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

நம் பள்ளிக் கல்வித் துறை ‘வாசிப்பு இயக்கம்’ என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறதே, அதில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு வகை பிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. வயசைச் சொல்லாமல் நடையைச் சொல்கின்றன. ஏழாம் வகுப்புப் பையன் ‘நட’யில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எம்மவன் காமிக்ஸைத் தவிர எதையும் தொட மாட்டேங்கான். அது படிப்புல சேத்தியா?

சேத்திதான்.

சிவகாசி நமக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் மட்டுமா அனுப்பியது? முத்து காமிக்ஸ் 1972-இல், லயன் காமிக்ஸ் 1984-இல், இரண்டும் அங்கிருந்து வந்தவைதாம். முத்துவின் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். என் தம்பி அதைப் படித்துவிட்டுக் கையில் தகரக் குவளையை மாட்டிக்கொண்டு சுவிட்சுப் பலகையை நோக்கிப் போனான். அம்மா வாரியலை எடுத்தாள். அன்றைக்கு மாயமாய் மறைந்தது புத்தகம்தான். வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது. தம்பி பின்னால் மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மாயாவிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் சிரிக்கிறான்.

உங்கள் மகன் எப்படிப் படிக்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை படத்தை மட்டும் புரட்டிக்கொண்டு ஓடுவான். இரண்டாம் தடவைதான் எழுத்துக்கு வருவான். வசனம் நிறைய இருக்கிற கட்டத்தில் நின்று முழுசாகப் படித்துவிட்டுத் தாண்டுகிறான் என்றால் அடுத்த அலமாரிக்குக் கிளம்பத் தயாராகிறான் என்று அர்த்தம். நீங்கள் பிடித்துத் தள்ள வேண்டாம்.

ஒரே கதைய முப்பது தடவ வாசிக்கச் சொல்லுதா. சலிக்காதா இவளுக்கு?

சலிக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பெரியவர்கள் நாம் அதற்குச் சுந்தர காண்டம் வைத்திருக்கிறோம்.

உங்க ரசனை எப்படி எப்படி மாறிச்சு அத்தை?

சொல்கிறேன். இதை யாரும் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அம்புலிமாமா. அது 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. எங்கள் கைக்கு வந்தது எழுபதுகளில். எங்கள் வளவில் ஆறு வீட்டுக்கும் ஒரே பிரதி. கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டையில் யார் வீட்டுக் குழம்போ ஒட்டியிருக்கும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஓவியர் சங்கரின் படம் மாசாமாசம் அதேதான். ஆனாலும் புத்தகம் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவேன். படம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுபோல.

11 வயதில் ஆச்சியின் பெட்டி திறந்தது. ரெண்டாங்கட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு வால்யூம்கள். 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் போல கல்கி பத்திரிகையில் அந்தக் கதை ஓடியபோது, ஆச்சி வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கத்தரித்துச் சேர்த்து, டவுனில் ஒரு பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்திருந்தாள். முதுகில் காலிகோ துணி. பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம்; தையல் ஓரத்தில் அந்தப் பச்சை நீலக் கறை அப்படியே இருந்தது. மணியம் வரைந்த படங்கள். சில பக்கங்களின் பின்புறம் கதை இருக்காது, தலைவலித் தைலமோ சோப்போ விளம்பரமாக இருக்கும். குந்தவை பேசிக்கொண்டிருக்கும்போதே திருப்பினால் சோப்பு.

இரண்டாம் பாகம், சுழற்காற்று. கடலில் புயல் அடிக்கிற இடத்தில் மூன்று வாரத்துப் பக்கங்கள் இல்லை. ஆச்சியிடம் கேட்டேன். “அப்பம் உங்க சித்தி பொறந்திருந்தா. எவ புத்தகம் பாத்தா?” என்றாள். புயலில் மாட்டிய கப்பல் என்னதான் ஆயிற்று? நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். கடலுக்கடியிலிருந்து ஒரு பூதம் வந்து கப்பலைத் தலையில் வைத்துக்கொண்டு கோடியக்கரைக்கு நடந்தே போய்ச் சேர்த்தது. அம்புலிமாமா பூதம்தான். வேறு ஆள் அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் ரஷ்யப் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்பனைக்குப் போடும்போது அப்பா இரண்டு மூன்று வாங்கி வருவார். கெட்டித் தாள், வழவழப்பான படங்கள், சட்டைப் பையில் மிச்சமிருக்கும் சில்லறைக்கே கிடைக்கும். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு பனிக்காட்டு ஓநாய்க் கதையைப் படிப்பேன். பனி எப்படியிருக்கும் என்று ஒரு யோசனையும் கிடையாது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது வீட்டில் அரசியல் பேசினார்கள். நான் மட்டும் இனி அந்தப் புத்தகங்கள் வராதே என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போனதும் பாக்கெட் நாவல். அதற்குத் தனியாகவே பதில் எழுத வேண்டும்.

மர்ம நாவல், குடும்ப நாவல்... இதெல்லாம் குப்பைன்னு எங்க சார் சொல்லுதாரு. நெசமா?

உங்கள் சாரும் படித்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குச் செங்கோட்டை பாசஞ்சரில் போய் வந்தேன். எண்பதுகள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று மாதாமாதம் ஸ்டேஷன் கடையில் தொங்கும். ரயிலுக்கும் அந்த நாவல்களுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்ததுபோல: கல்லிடைக்குறிச்சியில் கொலை விழும், வீரவநல்லூரில் சந்தேகம் ஒருத்தன்மேல் போகும், சேரன்மகாதேவியில் அவனும் செத்துப்போவான், பேட்டை தாண்டுவதற்குள் ஆள் பிடிபட்டுவிடுவான். டவுன் ஸ்டேஷனில் புத்தகத்தைப் பக்கத்து சீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவேன். அவளுடையது எனக்கு.

ஒருநாள் வகுப்பில் ஓர் ஆசிரியை என் பையிலிருந்து நாவலை எடுத்து, அட்டையைத் தூக்கிப் பிடித்து, தலைப்பை உரக்க வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் படிப்பதை விட்டேனா? பொருளியல் புத்தகத்துக்குப் போட்ட பழுப்பு அட்டையைக் கழற்றி அதற்குப் போட்டேன், அவ்வளவுதான். ஒரு புத்தகத்தைக் காட்டி வெட்கப்பட வைத்தால் பிள்ளை நல்ல புத்தகத்துக்குப் போய்விடும் என்பது கணக்கிலேயே தப்பு. ஒளித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளும். நம்மிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடும்.

இன்னொன்று. கணேஷ் – வசந்துக்காக சுஜாதாவை எடுத்தவர்கள் அவருடைய அறிவியல் கட்டுரைகளுக்குப் போனதை நூலகத்தில் எத்தனையோ தடவை பார்த்தேன். ரமணிசந்திரன் மட்டுமே 20 வருஷம் எடுத்துப்போன ஒரு மதினியும் உண்டு. வேறு எதையும் தொடவில்லை. அவள் மாவு ஆட்டி வீட்டுக்கு வீடு கொடுத்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். அந்த அரைமணி நேரத்தில் அவளுக்கு எது வேண்டும் என்று நானா முடிவு பண்ணுவது? ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். ‘நல்ல’ என்று ஒரு சொல்லை அவர் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

நம்ம ஊர் எழுத்தாளர்களப் பிள்ளைகளுக்கு எப்பம் கொடுக்கலாம்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பள்ளிக்கூடத்தில் ஆற்றங்கரை பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். வீட்டில் பேசுவதுபோல ‘அங்கணம்’, ‘தார்சா’, ‘பைய நடந்தோம்’ என்றெல்லாம் எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் சிவப்பு மைக் கோடு. ‘கொச்சை’ என்று ஓரத்தில் குறிப்பு. அதிலிருந்து எனக்குள் ஒரு முடிவு: புத்தகம் என்றால் நம் வீட்டில் இல்லாத பேச்சு. சோழநாட்டு இளவரசி பேசலாம், சென்னைத் துப்பறிவாளன் பேசலாம், ரஷ்யக் கரடிகூடப் பேசலாம். எங்கள் ஆச்சி பேசக்கூடாது.

17 வயதில் நூலகத்தில் புதுமைப்பித்தன் தொகுப்பு ஒன்று கிடைத்தது. பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்றாலும் வளர்ந்ததும் இந்துக் கல்லூரியில் படித்ததும் திருநெல்வேலியில். 1948-இல் 42 வயதில் போய்விட்டார். அவர் கதைக்குள் பிள்ளைமார் வீட்டுத் திண்ணைப் பேச்சு அப்படியே இருந்தது. அச்சில். ஒரு பக்கத்தை ஆச்சிக்கு உரக்க வாசித்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். “இதையெல்லாமா புத்தகத்துல போடுவாவ?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “யாருட்டி இவன், யாரு வீட்டுப் பிள்ள?” என்று விசாரித்தாள். பொன்னியின் செல்வனைக் கட்டிக்காத்தவள் கல்கியைப் பற்றி அப்படிக் கேட்டதே இல்லை.

என் வாசிப்பு இரண்டாகப் பிரிவது அங்கேதான். அதுவரை வேறெங்காவது போவதற்காகப் படித்தேன். அதன்பிறகு பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்கும் படிக்கலாம் என்று தெரிந்தது. கொஞ்சநாளில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதி, 1982-இல் வந்தது, கைக்குக் கிடைத்தது. சிவப்பு மை போட்ட ஆசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். தபால் செலவை யோசித்து விட்டுவிட்டேன்.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். 1986-இல் தூத்துக்குடி பிரியும்வரை அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். அந்த ஓர் ஊருக்கே இரண்டு சாகித்திய அகாதெமி விருது: அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல். அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையைத்தான் ரசனை மாறுவதற்குச் சாட்சியாகச் சொல்வேன். பத்திரிகை வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் கொண்டுவருவார். அவர்களில் இரண்டு பேருக்கு டைரி பரிசாகக் கொடுக்கிறார். கிடைக்காத சிறுவன் சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். ஒரு டைரியைத் தானே எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை.

15 வயதில் படித்தபோது எனக்கு அந்த மாமாமேல் ஆத்திரம் வந்தது. ஒரு டைரி கூட வாங்கினால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பையனுக்காக அழுதேன்.

30-ஐ ஒட்டி மறுபடி படித்தேன். அப்போது நூலகத்தில் இருந்தேன். படித்து முடித்ததும் பயம். தினமும் 20 பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். துடுக்காகப் பேசும் பிள்ளைக்குப் புதுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறேன். பின்னால் நிற்கிறவன் யார் என்று பார்த்தேனா? மறுநாள் பார்த்தேன். பீடி சுற்றும் வீட்டுப் பையன் ஒருவன், நாலு மாதமாக வருகிறான், பேரேட்டில் அவன் பெயரில் ஒரு புத்தகம்கூட இல்லை. உறுப்பினராகக் கையெழுத்துப் போட வீட்டில் ஆள் கிடைக்கவில்லையாம். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தினமும் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

போன வருஷம் மூன்றாவது தடவை. இந்த முறை யார்மேலும் கோபம் வரவில்லை. அந்த வீட்டுக்கு அவர் கிளம்பிப் போவதையும், பையன் உபசரிக்கிற பரபரப்பையுமே மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தேன். டைரி வருகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து காப்பி போடப் போனேன்.

ஆக, எப்போது கொடுக்கலாம் என்றால்: அழகிரிசாமியின் குழந்தைக் கதைகளை 12 வயதிலேயே. கி.ரா. சேகரித்தவற்றில் நாட்டார் கதைகளை அதற்கும் முன்னால், வாய்வழியாக. புதுமைப்பித்தனைப் பிள்ளையே தேடி எடுக்கட்டும். நாம் எட்டுகிற உயரத்தில் வைத்தால் போதும்.

எம்மக இங்கிலீஷ் புத்தகமா படிச்சுத் தள்ளுதா. தமிழ்ல நாலு வரி வாசிக்க முடியல.

பாளையங்கோட்டையில் பாதி வீட்டில் இதுதான் கதை. பிள்ளை வாசகிதான், அதில் குறையில்லை. அவள் இங்கிலீஷில் 12 வயதுக்காரி, தமிழில் ஆறு வயதுக்காரி. 12 வயதுக் கதையைத் தமிழில் கொடுத்தால் எழுத்து தடுக்கும்; ஆறு வயதுக் கதையைக் கொடுத்தால் ‘பேபி புக்’ என்று தூக்கிப் போடுவாள்.

காது வழியாகப் போங்கள். தமிழ்ப் பேச்சு அவள் காதில் 12 வயதுக்கு வளர்ந்துதானே இருக்கிறது? இரவில் நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். நம் பேச்சில் எழுதிய கதைகள் இதற்கு ரொம்பத் தோது. எழுத்தில் கரடுமுரடாகத் தெரிவது வாயில் போட்டதும் இளகிவிடும். நல்ல கட்டத்தில் தூக்கம் வருகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டு, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். பழைய தந்திரம்தான்.

படம் பாத்துட்டுத்தான் பொன்னியின் செல்வன் கேக்கான். இது எத்தன நாளைக்கு?

2022-லும் 2023-லும் படம் வந்தபோது முதல் பாகத்துக்கு வரிசையே நின்றது. ஐந்தாம் பாகம் வரை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் நூலகப் பிரதியில் முதல் பாகம் அட்டை பிய்ந்து நூல் தொங்கும். ஐந்தாம் பாகம் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும். அதனால் என்ன? நான் வந்தது ஆச்சி பெட்டி வழியாக, அவன் வருவது தியேட்டர் வழியாக.

ஒம்பதாப்பு வரைக்கும் நல்லாப் படிச்சவன் பத்தாப்புல நிறுத்திட்டான். ஆர்வம் போயிருச்சா?

தேதித் தாள் என்று ஒன்று நூலகப் புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருப்போம், திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்த. பிள்ளைகளின் பேரேட்டையும் அதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் வெள்ளையாக இருக்கும். பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு. மூன்று வருஷப் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தில் ஆர்வம் சாவதில்லை. அதற்கு முன் எதில் விட்டானோ அதற்கும், திரும்பி வரும் வயதுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது, அதுதான் சங்கடம். 14 வயதில் மந்திரவாதிக் கதையோடு விட்டவன் 18 வயதில் வந்து அதே அலமாரி முன்னால் நிற்பான். எல்லாம் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும். பெரியவர்கள் அலமாரியில் யாரையும் தெரியாது. ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இருக்கிற மூலைக்குப் போய்விடுவான். அங்கேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அரசாங்க வேலையும் வாங்கினார்கள், சந்தோஷம். கதைப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ஆகவே அந்த மூன்று வருஷமும் கயிறு அறுந்துவிடாமல் மெலிசாக ஒன்று ஓடட்டும். சிறுகதை, கட்டுரை, பத்து நிமிஷத்தில் முடிகிற எதுவும். அறிவியல் பிடித்த பிள்ளைக்கு 1987-லிருந்து ‘துளிர்’ பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. சாப்பிடும்போது படித்தால் திட்டாதீர்கள். நாங்கள் அப்படித்தான் படித்தோம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் நாளிதழோடு சிறுவர்மலர் வரும். தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தால் எண்ணெய் பட்டுப் பின்பக்கத்துக் கதையும் சேர்ந்து தெரியும்.

போன்லதான் படிக்கா. அது கணக்குல வருமா?

கதை படித்தால் வரும். விரலால் தள்ளிக்கொண்டே போனால் வராது. வித்தியாசம் உங்களுக்கே தெரியும், ஏனென்றால் இரண்டையும் நீங்களும்தான் செய்கிறீர்கள்.

நாப்பத்தஞ்சு ஆயிட்டு. கதையே பிடிக்க மாட்டேங்கு. எனக்கு என்ன ஆச்சு?

முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 40 தாண்டினால் வெள்ளெழுத்து வரும். எங்கள் ஆச்சி சாளேசரம் என்பாள். கண்ணுக்குள் இருக்கும் லென்சு இறுகிப்போய், பக்கத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்க முடியாமல் போவது. பொடி எழுத்து நாவலை எட்டப் பிடித்துப் பத்து நிமிஷம் படித்தால் தலை வலிக்கும். ஆள் ‘கதை போர்’ என்று முடிவு கட்டிவிடுவார். கண்ணாடி போட்ட மறுமாதம் கார்டைப் புதுப்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

கண் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். பலர் வரலாறு, வாழ்க்கைக் கதை, கோயில் கல்வெட்டு, தேவாரம் என்று போகிறார்கள். பெண்கள் பலருக்கு அந்த வயதில்தான் கொஞ்சம் நேரமே கிடைக்கிறது. அவர்கள் 20 வயதில் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

லாரி ஆபீசில் கணக்கு எழுதும் ஓர் அண்ணாச்சி. இளவட்டமாக இருந்தபோது துப்பறியும் நாவல் தவிர எடுக்க மாட்டார். ஒருநாள் நான் வண்ணதாசன் தொகுப்பைக் கொடுத்துவிட்டேன். நம் ஊர்க்காரர், 2016-இல் ‘ஒரு சிறு இசை’க்குச் சாகித்திய அகாதெமி வாங்கியவர். அண்ணாச்சி மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். “என்னம்மா இது, ஒண்ணுமே நடக்கலியே?” 20 வருஷம் கழித்து, அவர் வீட்டம்மா தவறிப்போன பிறகு ஒருநாள் வந்தார். அந்தப் புத்தகம் இருக்கா என்றார். எது என்றேன். “அதாம்மா, ஒண்ணுமே நடக்காதே, அது.” எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவை புதுப்பித்தார்.

சின்ன வயசுல உயிரா இருந்த புத்தகம் இப்பம் சப்புன்னு இருக்கு. திரும்பப் படிக்கலாமா, வேண்டாமா?

சப்பென்று ஆகிவிடும் என்று பயந்து படிக்காமல் இருப்பவர்கள் உண்டு. நான் படிக்கிற ஆள். ஏமாந்தும் இருக்கிறேன்.

நூலகத்தில் சேர்ந்த முதல் மாதம், அலமாரியில் பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம். முழுப் புத்தகம். 1999-இல் கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கிய பிறகு எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது; இது அதற்கும் முந்திய பதிப்பு. நின்றபடியே அந்த மூன்று வாரத்துப் பக்கங்களைத் தேடிப் படித்தேன். மின்னல், தீப்பிடித்த கப்பல், படகோடு வரும் பூங்குழலி. பிரமாதமாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் எனக்கு ஏதோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடலில் ஒரு பூதம் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது போய்விட்டது.

இப்பம் நீங்க என்ன படிக்கீங்க?

காலையில் தினத்தந்தி. கன்னித்தீவைத்தான் முதலில் பார்க்கிறேன், சிந்துபாத்துக்கு இன்னும் விடியவில்லை. மத்தியானம் பெரிய எழுத்துப் புத்தகமாக ஏதாவது. இரவில் படிப்பதை நிறுத்திவிட்டேன், பேத்தி படிக்கிறாள், நான் கேட்கிறேன். ஆச்சியின் பைண்டு வால்யூம்தான் வேண்டுமாம். அதிலுள்ள சோப்பு விளம்பரத்துக்காகவே எடுக்கிறாள் என்று சந்தேகம். தாள் பழுத்துவிட்டது, ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. போன வாரம் சுழற்காற்று வந்து, புயல் தொடங்கி, பக்கம் நின்றது.

“ஆச்சி, இங்க காணும். கப்பல் என்னாச்சு?”

முழுப் பதிப்பு வீட்டு அலமாரியில்தான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். நான் எழுந்திருக்கவில்லை. கடலுக்கடியிலிருந்து ஒரு பூதம் வந்தது என்று ஆரம்பித்தேன்.